சாயங்காலக் கால்

எனக்கு இரண்டு ஜோடிக் கால்கள்.
காலையில் பால் பாக்கெட் எடுக்கப் போவது ஒன்று.
மெலிந்தது, ஆறாம் நம்பர்.
முதல் அடியில் மட்டும் குதிகாலில் ஒரு முள்,
வாசல் வரைக்கும் நடந்தால் அதுவும் பழகிவிடும்.
இன்னொன்று எப்போது வருகிறதென்று தெரியாது.
பனங்காட்டு வெள்ளிப் பட்டறைகளுக்கு
முப்பத்தாறு கேரியர் அனுப்பி,
ராத்திரி டிபனும் அனுப்பி,
மாவை வழித்து கிரைண்டரை அணைக்கும்போது
புடவைக்கடியில் நின்றுகொண்டிருக்கும்.

டாக்டர் சொன்னார்:
"டைல்ஸ்ல வெறுங்காலோட நிக்காதீங்க,
வீட்டுக்குள்ளயும் செருப்புப் போடுங்க."
மாத்திரைக்குக் கீழே எழுதியும் கொடுத்தார்.
மூன்று வேளை என்று மட்டும் போடவில்லை.

ஞாயிறு பட்டறை லீவு.
சின்னக்கடை வீதியில் இம்தியாஸ் கேட்டான்:
"வாக்கிங்குக்காக்கா, விசேஷத்துக்கா?"
"குழம்பு வைக்க."
அவன் சிரிக்கவில்லை. பெட்டிகளை இறக்கினான்.

வெல்வெட் வைத்தது, பருப்பு சிந்தினால் குடித்துக்கொள்ளும்.
உடம்பெல்லாம் ஓட்டை போட்ட ரப்பர் ஷூ,
கஞ்சி வடிக்கிறவளுக்கு ஓட்டை எதற்கு?
நீலவார் ஹவாய் எனக்கு முன்பே அறிமுகம்.
போன தையில் எண்ணெய்த் தரையில்
ஏற்காட்டுக் கொண்டை ஊசி வளைவுபோல் திரும்பி
கரண்டியோடு உட்கார்ந்தது அதனால்தான்.
எம்சிஆர் செருப்பு மெத்தென்றிருந்தது,
ஆனால் பின்வார் இல்லை.
பால் பொங்குதென்று சட்டெனத் திரும்பினால்
கால் வரும், செருப்பு வராது.

கடைசியில் ஒன்று.
பின்வார் உண்டு, விரல் மூடியது,
அடியில் டிராக்டர் டயர் மாதிரி வரி,
குழாயடியில் காட்டிக் கழுவலாம்.
ஆறு கச்சிதமாக இருந்தது.
"இப்ப அப்படித்தான்க்கா இருக்கும்.
கால் வீங்கின சாயங்காலமா வந்து வாங்கணும்."
"சாயங்காலம் நான் எங்க வர?"

கணுக்கால் அளவு இந்த ஊருக்குத் தெரியாததா?
பத்து அங்குலம், பத்தரை, பத்தே முக்கால்.
ஜெய்ப்பூரில் எவளோ போடப்போகும் கொலுசுக்கு
இங்கே பற்றவைப்பவன் அளவு வைத்திருக்கிறான்.
கணுக்காலோடு நின்றுவிடும் அளவு.
அதற்குக் கீழே யாரும் கேட்பதில்லை.

திங்கள் இரவு ஒன்பதரை.
போன வருடக் காலண்டரைத் தரையில் கவிழ்த்து
பால்கணக்குப் பென்சிலால்
காலைச் சுற்றிக் கோடு போட்டேன்.
குனியும்போது இடுப்பு ஏதோ சொன்னது.
அதற்கு அடுத்த மாதம்.
இடது கால் கொஞ்சம் பெரிது.
அடுப்படியில் அதன்மேல்தான் சாய்கிறேன் போல.
நாற்பத்தேழு வருடம் கூடவே வந்திருக்கிறது,
ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அடுத்த ஞாயிறு இம்தியாஸ் தாளை விரித்தான்.
ஆறை வைத்தான், சுற்றிலும் கோடு தெரிந்தது.
ஏழை வைத்தான், மறைந்தது.
"யாரு காலுக்கா இது?"
"என்னுதுதான். ராத்திரி ஒம்பதரை மணியோடது."

வீட்டில் தனபாலன் கேட்டார்,
"அடுப்படியில செருப்பா?"
"வெளிய போகாத செருப்புங்க" என்றேன்.
என்னை மாதிரி என்று வாய்வரை வந்தது,
தாளிப்போடு அடங்கிவிட்டது.
கோட்டை மாரியம்மன் படத்தை அவரே கழற்றி
ஹாலில் மாட்டினார்.
அவளுக்கும் புகை மிச்சம்.

ஆடியில் எனக்குக் காய்ச்சல்.
பதினாறு கேரியர் மட்டும் என்று பேசிக்கொண்டு
அவர் நின்றார், காலை ஐந்திலிருந்து.
கட்டிலில் இருந்து பார்த்தால்
மிளகாய் நெடிக்குள் என் செருப்பு,
அதில் அவர் பாதம் பாதி,
குதிகால் பின்வாரை மிதித்துக்கொண்டு வெளியே.
போச்சு, பின்வார் போச்சு என்று படுத்திருந்தேன்.

விளக்கணைக்கும் நேரத்துக்கு வந்து
கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.
"பழைய காலண்டர் எங்க வச்ச?"

பீரோவுக்குப் பின்னால் என்றேன்.
பென்சிலை மட்டும் எடுத்த இடத்தில் வைக்கச் சொன்னேன்.