நிலக்கரித் தராசு

மூட்டை நிறுக்கும் தராசில்தான்
தம்பியையும் நிறுத்தார் அப்பா.
கம்பளிக் கோட்டு, தொப்பி, பூட்ஸ் எல்லாம் சேர்த்துப்
பதின்மூன்று கிலோ.
கோட்டுக்கு ஒன்று கழி என்றாள் அம்மா.
பூட்ஸுக்கும் கழி என்றேன்.
யாரும் என்னைக் கேட்கவில்லை.

உலான்பாத்தரில் அது ஜனவரி.
எங்கள் மேட்டுப் புகைபோக்கிகள் எல்லாம்
நாங்கள் விற்ற கரியைத்தான் இருமின.
நுரையீரல் வார்டில் இருபது நாள் கிடந்து
ஆல்தார் வீடு திரும்பியபோது
அவனில் பெரியது அவன் முழங்கால்.

நர்ஸ் ஓயுன்துங்கா தந்த தாளில் இரண்டே வரி:
எதைக் கொடுத்தாலும் மேலே ஒரு கரண்டி கொழுப்பு.
இரண்டு மணிக்கொரு தரம், கொஞ்சம் கொஞ்சமாக.

அன்றிலிருந்து
உப்புத் தேநீரில் வெண்ணெய் மிதந்தது.
மாவுக்கஞ்சியில் செம்மறி வால்கொழுப்பு
கண்ணாடி போல உருகிக் கிடந்தது.
பொரித்த போர்ட்சோக்கின் மேல்
விரல் தடிமனுக்குப் பாலாடை, அதன் மேல் சர்க்கரை.
எனக்கு வெறும் தேநீர். வெறும் போர்ட்சோக்.
உருளைக்கிழங்கு சூப்பில் உருளைக்கிழங்கு.
வயிறு எரிந்தது.
பசி என்று சொல்லிக்கொண்டேன்.

ஊட்டிவிடுவது என் வேலை.
கரண்டியை நக்கினால் அம்மாவுக்குத் தெரிந்துவிடும்,
உதடு மினுங்கும்.

மூன்று ஞாயிறு போயிற்று. முள் அசையவில்லை.
நாய் பார்ஸ் மட்டும்
பீப்பாய் மாதிரிப் பனியில் உருண்டது.
இந்தக் குளிரில் இதுக்கு எங்கிருந்து சதை என்று
அப்பா வியந்தபோது
நானும் தம்பியும் அடுப்பைப் பார்த்தோம்.

அம்மா அவன் கோட்டுப் பையில் கையை விட்டாள்.
மெழுகாய் உறைந்த கொழுப்பு, நூல் ஒட்டிய பாலாடை.
அடிக்கவில்லை. ஏன்டா என்றாள்.
"அக்கா திங்கிறதுதான் வேணும்."

வெறும் உருளைக்கிழங்கு!
அதற்குத்தான் ஏங்கியிருக்கிறான் பயல்.

அம்மா கொஞ்ச நேரம் சும்மா நின்றாள்.
பிறகு பெரிய சட்டியிலேயே போட்டாள்
வெண்ணெய்க் கட்டி முழுவதையும்,
மாதக் கடைசிவரை வரவேண்டியதை.
நான்கு கிண்ணங்களும் மினுங்கின.
என் வாயைப் பார்த்தபடியே அவன் விழுங்கினான்.
நான் ஒரு வாய். அவன் ஒரு வாய்.
பார்ஸ் வெளியே கதவைப் பிறாண்டியது.

மார்ச்சில் பதினான்கு நானூறு.
கோட்டோடுதான்.
கழி என்று யாரும் சொல்லவில்லை.
அவன் இறங்கியதும் நான் ஏறினேன்.
கரி வாங்க வந்தவர் சாக்கை நீட்டினார்.
அப்பா முள்ளைப் பார்த்தார்,
குனிந்து மறுபடியும் பார்த்தார்.
"கொஞ்சம் இருங்க" என்றார் அவரிடம்.