பத்துப் பாகம்

எனக்குத் தெரிந்ததெல்லாம் சத்தம்.
கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், சாவு
காசிமேட்டில் எதுவானாலும்
சகாயம் ஒலி ஒளி அமைப்பகம்தான்.
அப்படிப்பட்டவன்
மூச்சை அடக்கி ஆழம் போகிறவர்களுக்கு
ஒரு போட்டி வைக்கலாமென்று
வார்ஃப் டீக்கடையில் சொன்னேனாம்.
என் வாய்தான் என்கிறான் எட்டியப்பன்.

அவன் தொழில்
விசைப்படகின் புரொப்பல்லரில் சுற்றிய வலையை
மூழ்கி அறுத்துத் தருவது.
ஒரு முங்குக்கு முந்நூறு.

மீன்வளத் துறையில் கேட்டார்கள்:
மீன் பிடிப்பீர்களா?
இல்லை.
விளையாட்டு அலுவலகத்தில்:
நீந்துவீர்களா?
அதுவும் இல்லை, சார்,
கயிற்றோடு இறங்கி, கயிற்றோடு ஏறுவது.
காவல் நிலையத்தில் ஏட்டையா
மனுவை இரண்டு முறை படித்தார்.
"மூச்சு வுடாமயா? எத்தினி பேரு?"
பதினொரு பேர், ஐயா.
அந்த எண்ணைத் தனியாக
ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொண்டார்.

கயிற்றில் மீட்டருக்கு ஒரு மஞ்சள் டேப்,
பாகத்துக்கு ஒரு சிவப்பு.
நம் ஆட்கள் கைவிரித்து அளப்பவர்கள்,
புதுச்சேரி நடுவரம்மாவுக்கு
மீட்டர்தான் செல்லும்.
அடியில் தொங்க
தண்டையார்பேட்டை ஜிம்மிலிருந்து இருபது கிலோ தட்டு, இரவல்.
ஆக்சிஜன் சிலிண்டர், வாடகை.
பதக்கம் சௌகார்பேட்டையில் அடித்தது:
ஆழ்கடல் என்று எழுதிக் கொடுத்தேன்,
ஆள்கடல் என்று வந்தது.
திருப்பிக் கொடுக்க நாளில்லை.

நாளும் நம் கையிலா இருக்கிறது?
வண்ணி இழுத்தது.
நீட்டிய கை முழங்கையோடு காணாமல் போகிற கலங்கல்.
இரண்டு முறை தள்ளிவைத்து
மூன்றாவது ஞாயிறு, தெளிவு கண்டு கிளம்பினோம்.
துறைமுகத்து கிரேன்கள் விரலளவு ஆனதும்
நங்கூரம் போட்டோம்.
வேடிக்கை பார்க்க ஒரு விசைப்படகு நிறைய ஜனம்.

வேடிக்கைதான் இல்லை.
ஒருவன் குனிந்தான், துடுப்புக் கால் மறைந்தது,
பிறகு கயிறு.
"இன்னாபா தெரியுது?"
"கயிறு."
"இப்ப?"
"கயிறுதாம்பா."
கையில் மைக் இருக்கிறது,
நிரப்பிப் பழகிய வாய் இருக்கிறது.
நடுவரம்மா உதட்டில் விரல் வைத்துவிட்டார்.
மூச்சு எடுப்பவனுக்கு அமைதி வேண்டுமாம்.
இருபத்திரண்டு வருஷத் தொழிலில்
அமைதிக்கு யாரும் என்னிடம் முன்பணம் கட்டியதில்லை.

வண்ணாரப்பேட்டை ஷம்ஷாத்
நீச்சல்குளத்துக்கு வெளியே மூழ்கியதே இல்லை.
ஏழு மீட்டரில் காது வலித்துத் திரும்பி
ஏதோ ஜெயித்தவளைப் போலச் சிரித்தாள்.
எர்ணாவூர் ரமணய்யா பதினாறு.

எட்டியப்பன் சொல்லியிருந்தது பத்துப் பாகம், தட்டு வரை.
போனான்.
கயிற்றின் தலை என் உள்ளங்கையில்.
நாற்பது விநாடி. ஐம்பது.
ஆம்ப்ளிஃபயர் சும்மாவே இரைந்துகொண்டிருப்பது
அப்போதுதான் காதில் விழுந்தது. அணைத்தேன்.
படகின் வயிற்றைத் தண்ணீர்
மெல்லத் தட்டிக்கொண்டிருந்தது,
உள்ளே வரலாமா என்பதுபோல.

ஏறி வந்தான், தட்டிலிருந்த சீட்டைப் பல்லில் கடித்தபடி.
இனி விதி:
கண்ணாடியைக் கழற்ற வேண்டும்,
விரலை வளையமாக்கிக் காட்ட வேண்டும்,
நான் நலம் என்று சொல்ல வேண்டும்,
எல்லாம் பதினைந்து விநாடிக்குள்.
சீட்டைத் துப்பிவிட்டுச் சொன்னான்:
"அடியில எவனோ வலைய வுட்டுட்டு போய்க்கிறான்,
நம்ம கயித்துக்குத்தான் வருது.
யாரையும் எறக்காத."

சிவப்பு அட்டை.
அம்மா தூக்கியபோது அவர் கை லேசாக நடுங்கியது.
விதி விதிதான், நானும் ஒப்புக்கொண்டேன்.
எட்டியப்பன் அட்டையைப் பார்க்கவில்லை,
கத்தி கேட்டான்.
மூன்று முறை போனான்.
அதை யாரும் அளக்கவில்லை,
நிறுத்துக்கடிகாரத்தில் ஒரு விரலும் இல்லை.
மூன்றாம் முறை பச்சை நைலான் குவியல் மேலே வந்தது,
உள்ளே நான்கு நண்டு, ஒரு செருப்பு.

ஆள்கடல் பதக்கம் ரமணய்யா கழுத்தில்.
மாலை ஏட்டையா போன் செய்தார்.
"பதினொண்ணும்?"
பதினொண்ணும் கரையில, ஐயா.
துண்டுக் காகிதம் கசங்கும் சத்தம் கேட்டது.

இருட்டியதும் கடைக்கு எட்டியப்பன் வந்தான்.
"மூணு முங்கு. தொள்ளாயிரம்."
பேனர்காரனுக்கு வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தேன்.
எச்சில் தொட்டு எண்ணினான்,
சட்டைப்பையில் வைத்தான்,
பிறகு விரலை வளையமாக்கிக் காட்டினான்.

நடுவரம்மாவின் பஸ்
அந்நேரம் மரக்காணம் தாண்டியிருக்கும்.