வலப்பக்கம் நின்று கூப்பிட்டால்

பணிமனைப் படிவத்தில்
பிள்ளைகளின் தொகைக்கு ஒரு கட்டம்.
ஒன்பது என்று எழுதினேன்.
பெரிய மேசையில் தனியே வைத்த
தேத்தண்ணிக் கோப்பை மாதிரி
இருந்தது அது.

பதினைந்துக்குக் குறைந்தால்
பக்கத்து ஊரோடு சேர்ப்பார்களாம்.
சேர்க்கக்கூடாது என்றால் காரணம் எழுத
மூன்று வரி விட்டிருக்கிறார்கள்.

சரவணையில் பிள்ளைகள் குறைவு, ஐயா.
சரவணைப் பிள்ளைகள் கனடாவில்தான் கூட.
இது அவர்களுக்கும் தெரியும்.
இதற்கு ஒரு வரி வீண்.

ஒன்பது பேர் என்றால்
எல்லோரும் ஒரே பாயில்.
யார் மூக்கை உறிஞ்சினாலும் எனக்குக் கேட்கும்.
தீட்சணா செருப்பைச் சோடியாய் வைத்தால்
தகப்பனுக்கு இரவு மீன் பட்டிருக்கிறது.
உதறி எறிந்தால் வலை வெறுமை;
அன்றைக்கு அவளுக்குக் கடலை
ஒரு கரண்டி கூட.

மிதுசன் குரங்கை வாலண்ணா என்பான்,
தேரைச் சாமிவண்டி என்பான்.
முதலில் நானும் சிரித்தேன்.
பிறகு ஒருநாள் விளங்கியது,
'ர' இருக்கிற சொல் எல்லாவற்றையும்
பிள்ளை சுற்றிக்கொண்டு போகிறான்,
நாய் நிற்கிற ஒழுங்கையைச் சுற்றிப் போவதுபோல.

யார் முதலில் தள்ளியது என்று
நான் விசாரிப்பதில்லை. பார்த்தனான்.

ஒரு கதைக்கு ஒன்பது பேரும் கேள்வி கேட்பார்கள்.
நரி ஏன் கிணற்றடிக்குப் போனது?
அதற்கு வீட்டில் பைப் இல்லையா?
மூன்று நாளாய் அந்த நரி
கிணற்றுக்குள்தான் கிடக்கிறது.

ஆனி மாதம், சோளகம் தகரத்தைப் போட்டு அடித்த காலை,
அக்சரனை இடப்பக்கம் நின்று கூப்பிட்டேன்.
மணலில் கோடு கீறிக்கொண்டிருந்தான்.
காற்றுத்தான் என்று
வலப்பக்கம் வந்து கூப்பிட்டேன்.
"என்ன ரீச்சர்?"
திரும்ப இடம்.
திரும்ப வலம்.
விளையாட்டு என்று நினைத்து
அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.
எனக்குக் கால் நடுங்கியது.

பெரியாஸ்பத்திரிக்குத் தாயோடு நானும் போனேன்.
இப்போது வட்டத்தில் அவனுக்கு
என் இடக்கைப் பக்கம் இடம்.
வலக்காது என்னோடு.

இதை எழுதலாம்தான்.
எழுதினால் மற்றதையும் எழுதவேணும்.

பன்னிரண்டு வருடத்துக்கு முதல்
கொட்டடியில் ஒரு ஹோல்.
முப்பத்தெட்டுப் பிள்ளைகள்.
மற்ற ரீச்சர் பிள்ளைப்பேற்று லீவில்.
விசிலால் கூப்பிட்டேன்,
கையைத் தட்டி இருத்தினேன்,
பெயரைச் சட்டையில் குத்தியிருந்த துண்டில் வாசித்தேன்.
அங்கே ஜெனிஸ்ரன் என்றொரு பெடியன்.
கூப்பிட்டால் திரும்பமாட்டான்.
சிலநேரம் திரும்புவான்.
அந்தச் சிலநேரத்தைத்தான் நான் குற்றமாய் எடுத்தேன்:
வேண்டுமென்றே செய்கிறான்.

வருட முடிவில் அவனுடைய அறிக்கையில்
என் வடிவான எழுத்தில் எழுதினேன்,
'சொல்வழி கேளாதவன்.'

தாய் அதை வாசித்தா.
ஒன்றும் கேட்கவில்லை.
அவன் கையைப் பிடித்துக்கொண்டு போனா,
எந்தக் கையை என்று ஞாபகமில்லை.

திரும்பிய நேரங்களில்
நான் எந்தப் பக்கம் நின்றேன்?
முப்பத்தெட்டுப் பேருக்கு நடுவில்
ரீச்சருக்கு ஏது பக்கம்.

இப்போது அவனுக்குப் பதினாறு, பதினேழு இருக்கும்.
ஒருவேளை காது நல்ல காதாய் இருந்திருக்கலாம்,
பெடியன் உண்மையில் குழப்படியாய் இருந்திருக்கலாம்.
எனக்குத் தெரியாது.
தெரிந்திருக்க வேண்டிய வருடம் முழுக்க
தினமும் நாலு மணித்தியாலம்
அவன் எனக்கு முன்னால்தான் இருந்தான்.

முதல் வரியில் எழுதினேன்:
ஒன்பது பேரும் கூப்பிட்டால் திரும்புகிறார்கள்.
இரண்டாம் வரியில்:
திரும்பாவிட்டால் ஏன் என்று பார்க்க எனக்கு நேரம் இருக்கிறது.
மூன்றாவதில் ஜெனிஸ்ரனின் பெயரை எழுதி
வெட்டினேன்.
வெட்டினாலும் வாசிக்கலாம்.

படிவம் வெள்ளிக்குள் போகவேணும்.
இன்றைக்கு வியாழன், மணி எட்டே கால்.
படலையில் செருப்புச் சத்தம் கேட்கிறது, சோடியாய்.
இன்றைக்கு எப்படியாவது
அந்த நரியை வெளியில் எடுக்கவேணும்.