ஐம்பது மில்லி

வியாழன், நாலாம் பாடவேளை, பாசல்.
இன்று வேதியியல் இல்லை, அறவியல் என்றார்
ஃப்ராவ் எபிஷர்.
இரண்டுக்கும் அதே அறை.
நேற்றைய குழாய்களைக் கழுவிக்கொண்டு
பின்சுவரோரம் நானும் இருந்தேன்.

பலகையில் ஒரு சொல்: பொறுப்பு.
அவர்கள் மொழியில் அதன் வயிற்றுக்குள்
'பதில்' இருக்கிறது.
என் மொழியில் 'பொறு'.
பத்தொன்பது வருசமாய்
நான் பொறுத்ததில் குறைவில்லை.
பதில் சொல்லத்தான் யாரும் கூப்பிடவில்லை.

ரைன் ஒருமுறை சிவப்பாய் ஓடியதைச் சொன்னார்.
களஞ்சியத்தில் தீ. அணைக்க அடித்த தண்ணீரே
நஞ்சைச் சுமந்து ஆற்றில் இறங்க
விலாங்குகள் செத்து மிதந்தனவாம்.
பிள்ளைகள் உச்சுக்கொட்டினார்கள்.
கோடையில் உடுப்பைப் பையில் கட்டிக்கொண்டு
அவர்கள் மிதந்துபோகிற ஆறு.
யார் குற்றம்?
கம்பெனி, என்றது முன்வரிசை.
தண்ணீர் அடித்தவர்கள், என்றான் ஒருவன்.
யானிக்கின் தாத்தா அங்கே வேலை பார்த்தவராம்.
அவன் பென்சிலைச் சீவிக்கொண்டேயிருந்தான்.

ஃப்ளூரினா கையை உயர்த்தினாள்.
"நேற்று மிச்ச மயில்துத்தத்தைப் போத்தலில் ஊற்றினோமே,
அதை யார் எடுத்துப்போவார்கள்?"

எபிஷர் திரும்பினார்.
இருபத்திரண்டு தலைகளும் திரும்பின.
குழாயை மூடினேன்.

நான், என்றேன். கீழ்த்தளத்துக்கு. மஞ்சள் பீப்பாய்.
மாதம் ஒரு லொறி வரும்.
"பிறகு?"
பிறகு தெரியாது.
கேட்டதில்லை.

வாய் திறந்த பிறகு மூடவா முடிகிறது?
ஆளுக்கு ஐம்பது மில்லி, இருபத்திரண்டு பேர்,
ஆயிரத்து நூறு இருக்க வேண்டும், என்றேன்.
அளந்தேன். ஆயிரத்து ஐம்பதுதான்.

சட்டென்று எல்லாருக்கும்
சப்பாத்து நுனியில் ஏதோ வேலை.
கழுவுதொட்டியின் வாயில்
தேய்த்தும் போகாத ஒரு நீல வளையம்.

மணி அடித்தது.
ஆர்பென் வந்தான், தனியாக. நான்தான், என்றான்.
பத்து நிமிடத்தில் ஃப்ளூரினா. அவளும் நான்தான் என்றாள்.
மூன்றாவதாய் யானிக்,
அழுது முடித்த முகத்தோடு.

காணாமல் போனது ஐம்பது.
ஒப்புக்கொண்டது நூற்றைம்பது.
என் அளவுசாடி பிழையா,
இல்லை, இந்தப் பிள்ளைகள்
செய்யாததையும் சேர்த்துச் சுமக்கிறார்களா?

பதிவேட்டில் 'காரணம்' என்று ஒரு சின்னக் கட்டம்.
ஒரு பெயரே கொள்ளாது.
வெறுமையாய் விட்டேன்.
பக்கத்தில் 1050 என்று எழுதி, ஒப்பமிட்டு,
ஓரத்தில் எனக்கு மட்டும் தமிழில் ஒரு குறிப்பு:

செவ்வாய் லொறி வரும். எங்கே போகிறது, கேள்.