ஆறாவது கிளாஸ்

கஞ்சமலைக்கு இந்தப் பக்கம்
உருக்காலையில் ஷட்டவுன், நான்காம் நாள்.
அனுமதிச் சீட்டில் ஒப்பந்தக்காரர் எழுதியிருந்தார்:
"ஆட்கள் – 6 எண்ணம்."
மூட்டைக்குப் போடுகிற கணக்கு.

ஆக்சிஜன் இருபது புள்ளி எட்டு.
கையெழுத்துப் போட்டேன்.
வாசல் ஆணியில் டோக்கனை மாட்டிவிட்டு
உலைக்குள் இறங்கினார்கள்.
மஞ்சள் ஹெல்மெட்டுகள் ஒவ்வொன்றாய் அணைந்தன.

ஐந்தேகாலுக்கு டீ.
குடித்தவர் ஐந்து பேர்.
ஆறாவது கிளாஸ் ஆறிக்கொண்டிருந்தது.
ஆணியில் ஒரு டோக்கன்.
"மறந்துட்டு பஸ் ஏறியிருப்பான், மேடம்.
சீட்டை மூடுங்க. தீ மூட்டக் காத்திருக்காங்க."

துளைவாயில் தலை நுழைத்துக் கூப்பிட்டேன்:
"செங்கோடா!"
உலை என் குரலையே திருப்பிக் கொடுத்தது.
மறுபடி.
மறுபடி.
ஐவரில் ஒருவன்
ஹெல்மெட் வாரைக் கடித்தபடி சொன்னான்:
"செங்கோடன் ஊர்ல காய்ச்சலாக் கிடக்கான்.
இவன் அவன் மச்சான். பாஸ் மட்டும் அவனுது.
பேரு... பொன்னுரங்கம்."

அந்தப் பேருக்கு
உள்ளே ஒரு செங்கல் நகர்ந்தது.
ஓர் இருமல்.
பிறகு ஒரு கை.
கல்லடுக்குக்குப் பின்னால் தூங்கிவிட்டானாம்,
மூன்று ஷிப்டாகக் கண்மூடாதவன்.

பாஸைப் பிடுங்கிக்கொண்டேன். விதி அது.
"நாளைக் கூலி போச்சு" என்று முனகினான்.
அதற்கு விதிப்புத்தகத்தில் பக்கமில்லை.

"6 எண்ணம்" என்பதை அடித்துவிட்டு
ஒவ்வொருவராய்க் கேட்டு எழுதினேன்.
கட்டத்தில் இடம் போதவில்லை.
கடைசிப் பேர் ஓரத்தில், குறுக்காக.
"ரங்கத்துக்குச் சின்ன ர-வா, பெரிய ற-வா?"
"டீ ஆறிடுச்சு, மேடம்" என்றான்.