டிக் அடிக்காத கட்டம்

திருச்செங்கோட்டில், சங்ககிரி ரோட்டில்,
டீசல் பேரல்களுக்கு மேல்மாடியில் என் மேஜை.
கீழே ரிக் வண்டி வந்து நிற்கும்போதெல்லாம்
மானிட்டரில் ஒரு படலம் புழுதி ஏறும்.
விரலால் தொட்டு, நிறம் பார்த்து,
எந்த ஊர்ப் பாறை என்று பொங்கியண்ணன் சொல்வார்.

போட்ட குழி ஒவ்வொன்றையும்
இணையப் படிவத்தில் பதிய வேண்டும்.
உடையவர் பெயர், சர்வே எண், எத்தனை அடி, கேசிங் எவ்வளவு,
கடைசியில் சின்னதாய் ஒரு கட்டம்:
தண்ணீர் கிடைத்தது.

உட்கார்ந்து நிரப்ப ஆளில்லை.
ஜாவாவில் எழுதினேன்.
ராத்திரி இரண்டு மணிக்கு
பிரவுசர் இல்லாமல், மவுஸ் இல்லாமல்
மனுஷி போலவே நடந்துகொள்ளும் நிரல்.
முதலில் சும்மா போய்ப் படிவத்தைக் கேட்கும்.
கொடுத்த குக்கியை மடியில் முடிந்துகொள்ளும்.
ஒளித்துவைத்த டோக்கனைத் துழாவி எடுக்கும்.
பிறகு பெயர், சமக்குறி, மதிப்பு,
பெயர், சமக்குறி, மதிப்பு.
பாவாயி
பதினெட்டுச் சதவீதக் குறிகளாய் உடைந்துபோய்
அந்தப் பக்கம் சேர்ந்ததும் மறுபடி பாவாயி ஆவார்.
இருநூறு என்று பதில் வரும்.
இருநூறு என்றால் சரி.
நான் தூங்கலாம்.

தை மாசம் குண்டடத்திலிருந்து ஒரு போன்.
"ஏனுங் அம்மிணி, எங்க காட்டுக் குழியில
தண்ணி வந்துருச்சுன்னு ஆபீஸ்ல சொல்றாங்.
வந்தது புழுதிங். ஆயரத்து நூறு அடி.
டேங்கர் லிஸ்ட்டுல எம்பேரு இல்லீங்."

லாகைத் திறந்தேன்.
பாவாயி. ஆயிரத்து நூறு. தண்ணீர் சமக்குறி இல்லை.
சரியாகத்தானே அனுப்பியிருக்கிறேன்.
டிபன்பாக்ஸ் திறந்தபடி ஆறிக்கொண்டிருந்தது.

கடைசியில் அதே படிவத்தைக் கையால் நிரப்பி,
டிக் அடிக்காமல் விட்டு,
கம்பி வழியே என்ன போகிறதென்று பார்த்தேன்.
அந்தக் கட்டத்தின் பெயரே போகவில்லை.

டிக் அடிக்காத கட்டம்
இல்லை என்று சொல்வதில்லை.
அது வாயே திறப்பதில்லை.
அந்தப் பக்கத்துச் சர்வருக்கு
இல்லை என்ற சொல்லை யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.
தண்ணீர் என்ற பெயர் வந்திருக்கிறதா?
வந்திருக்கிறது.
அப்படியானால் வந்துவிட்டது.

ஐந்து மாதம். முன்னூற்றுப் பன்னிரண்டு வறண்ட குழி.
மூலனூரில், வெள்ளகோவிலில், தாராபுரத்துக்குத் தெற்கே,
இல்லை இல்லை என்று அனுப்பி அனுப்பியே
தண்ணீர் வரவழைத்திருக்கிறேன்.
"தேங்கா வெச்சுப் பாக்கறவங்கூட
இத்தன எடத்துல கண்டதில்ல" என்று
பொங்கியண்ணன் சிரித்தார்.
பிறகு பட்டியலை வாங்கிப் பார்த்தார்.
பாதிப் பேரை அவருக்குத் தெரியும்.

திருத்தம் ஒரே ஒரு இஃப்தான்.
வறண்டிருந்தால், அந்த வார்த்தையைச் சேர்க்காதே.

ஆனால் பழைய முன்னூற்றுப் பன்னிரண்டுக்கு
வேறொரு படிவம். அதில்
காரணம் என்று ஒரு பெட்டி, கட்டாயம்,
இருநூற்றைம்பது எழுத்துக்குள்.
இதை நிரலிடம் கொடுக்க மனசு வரவில்லை.
முதல் பெயராகப் பாவாயியைத் தட்டினேன்.
காரணம்:
இல்லை என்று சொல்லிவிட்டேன்.

சப்மிட்.
இருநூறு.
இந்த முறை
வந்த பக்கத்தை மேலிருந்து கீழ்வரை படித்தேன்.
கீழே அடுத்த ரிக்
குண்டடம் போக டீசல் நிரப்பிக்கொண்டிருந்தது.