மூன்று மதிப்பெண் கேள்வி

நாற்பத்தொன்பது வயதில்
மாணவர் அட்டைக்குப் படம் பிடித்தார்கள்.
சிரிக்க வேண்டாம் என்றாள் அலுவலகப் பெண்.
நான் சிரிக்கவில்லை, முகமே அப்படி.

அபர்டீனில் செப்டம்பர் முடிவதற்குள்
கடல்மூட்டம் தெருவேறி வந்துவிடும்.
கருங்கல் சுவர்கள் நனைந்து
காக்காப்பொன் மட்டும் மினுங்கும்.
அதற்குள் நுழைந்து
மகள் வயதுப் பிள்ளைகளோடு
எண்ணெய் எரிவாயுப் பொறியியல் முதுகலைக்குப் போகிறேன்.
இருபத்தாறு வருஷம் துளை போட்டவன்,
துளை என்றால் என்னவென்று கேட்க.

முதல் வகுப்பில் டாக்டர் லெய்ட்ச்
மணற்கல் துண்டொன்றைச் சுற்றுக்கு விட்டார்.
"இதில் கால் பங்கு ஒன்றுமில்லை.
நமக்கு வேண்டியது
அந்த ஒன்றுமில்லைதான்."
போனித் தீவிலிருந்து வந்த இபினாபோ
காதில் வைத்துப் பார்த்தாள்.
அத்திராவ் ஊர் தாஸ்தான் நக்கிப் பார்த்து
உப்பு என்றான்.
நான் அதை
மேசையில் உருளாதபடி
அண்டக்கொடுத்து வைத்தேன்.
கட்டடம் ஆடாது என்பது
இன்னும் உடம்புக்குத் தெரியவில்லை.

திறக்கக் கற்கத்தான் வந்தார்கள் எல்லாரும்.
பாடமோ பாதி, மூடுவது பற்றி.
எத்தனை மீட்டர் சிமெண்ட், எந்த ஆழத்தில்,
எவ்வளவு காலம் தாங்க வேண்டும்.
"எப்போதும்" என்றிருந்தது குறிப்பில்.
இபினாபோ கை தூக்கினாள்:
எப்போதும் என்பதற்கு அலகு என்ன?
லெய்ட்ச் கண்ணாடியைத் துடைத்தார்.
நெடுநேரம் துடைத்தார்.

மார்ச்சில் பயிற்சித் தாள்.
மூடப்போகும் கிணறு ஒன்று, பெயரை மறைத்து.
பழைய நேரப் பதிவுச் சுருளின் நகல்.
அதிகாலை இரண்டு பத்துக்கு, மூவாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு மீட்டரில்
எல்லாக் கோடுகளும் நிற்கின்றன.
நாற்பது நிமிடம் வெள்ளை.
பிறகு அதே ஆழத்தில் மறுபடி கோடுகள்.
ஓரத்தில் பேனா எழுத்து: சென்சார் பழுது.
கேள்வி நான்கு, ஆ பிரிவு:
இவ்விடைவெளிக்குக் காரணம் கூறுக.

அந்தச் சாய்ந்த கையெழுத்து
என்னுடையது.

அக்டோபர். மூட்டம். மேலே எரிவாயுச் சுடர்.
நார்வேப் பக்கமிருந்து கடல் தாண்டும் பூங்குருவிகள்
வெளிச்சத்தைக் கரையென்று எண்ணி
இறங்கின, இறங்கின,
குழாய் அடுக்கில், சங்கிலியில்,
சுழல்மேசை மேல், டூகியின் தலைக்கவசத்தில்.
யாரும் உத்தரவிடவில்லை.
பிரேக்கை இழுத்தது என் கை.
நிமிடத்துக்கு நிமிடம் பணம் எரிகிற இடத்தில்
ஆறு ஆண்கள் குனிந்து குனிந்து
திருகாணிப் பெட்டிகளில் பறவை பொறுக்கினோம்.
கையுறையோடு தூக்கினால்
எடையே தெரியவில்லை. கழற்றினேன்.
இருட்டுப் பக்கம் கொண்டுபோய் விட்டோம்.
சில, சுடரை விட்டு வரவேயில்லை.

தாஸ்தான் இரண்டு பக்கம் எழுதினான்:
பம்பு அழுத்தம், கசிவு, சமன்பாடு. எல்லாம் அழகு.
இபினாபோ ஒரே வரி:
ஆழம் மாறவில்லை, ஆகவே பாறைக்கு இழப்பில்லை.
நான் எழுதினேன்:
கருவி பழுதாகவில்லை.
மனிதர்கள் நிறுத்தினார்கள்.

அரை மதிப்பெண்.
பக்கத்தில் லெய்ட்சின் பென்சில்:
ஆதாரம்?

பேருந்து நிறுத்தத்தில்
இபினாபோவிடம் மட்டும் சொன்னேன்.
எத்தனை பிழைத்தன என்றாள்.
எண்ணவில்லை.
காற்றுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள்.
"எங்கள் ஊர்ச் சுடர் வெளிச்சத்தில்தான்
பள்ளிப் பாடம் படித்தேன்.
அந்த மரத்தில் பறவை இருந்ததா என்று
நினைத்துப் பார்க்கிறேன்.
மரம் இருந்ததா என்றே நினைவில்லை."

பதினேழாம் எண் வந்தது.
சில்லறை இல்லை என்றாள். கொடுத்தேன்.
நாளை சிமெண்ட் ஆய்வகம்,
கலவை இறுக எட்டு மணி நேரம்,
யாராவது பக்கத்தில் உட்கார்ந்து
குறிக்க வேண்டும்.